நீள் ஆயுதம் நாற்பத்திரண்டு

டக்வாரி படைப் பயிற்சித் தளத்தில் இதுவரை ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை. வாசலிலேயே ஆளுயர எழுத்தில் அப்படி எழுதிப் போட்டிருக்கிறார்கள். மனிதர்களைப் பற்றி அந்தப் பலகையில் எதுவும் இல்லை.

டூஷிமா லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அந்தப் பலகையைத்தான். மக்கூர்டியிலிருந்து பதினோரு மணி நேரப் பயணம். முதுகில் கட்டிய கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி ஆறு வயது ஆவெர். லாரியில் கட்டில், மெத்தை, இரண்டு தண்ணீர் கேன், முப்பது யாம் கிழங்கு, உரல், உலக்கை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மீன் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவள் கிளம்பி வந்ததற்கு ஒரே காரணம்தான். அவள் புருஷன் கார்ப்பரல் டெர்வாசேயை இங்கே அணிவகுப்புப் பயிற்றுநராக மாற்றியிருந்தார்கள். பயிற்றுநரைப் போர்முனைக்கு அனுப்பமாட்டார்கள். வடகிழக்குக் காட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். புருஷன் உயிரோடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்றால் மணல்காட்டில்கூடக் குடித்தனம் நடத்த அவள் தயாராக இருந்தாள்.

வாசல் காவலாளி லாரியில் ஏறி ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தான். உலக்கை வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"இது என்னது?"

"உலக்கை."

"எதுக்கு?"

"கிழங்கு இடிக்க. உங்க ஊர்ல வேற எதுக்கு வச்சிருக்காங்க?"

அவன் உள்ளே போய் விதிப் புத்தகத்தை எடுத்து வந்தான். விரலை வரிமேல் வைத்து, உலக்கையைப் பார்த்துப் பார்த்துப் படித்தான்.

"மூணடிக்கு மேல நீளம். இருக்கு. ரெண்டு கையால பிடிக்கலாமா? பிடிக்கலாம். அடிச்சா ஆள் சாவானா?"

"நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கேட்டுக்கிட்டு நின்னா சாவான்."

"அப்ப இது நீள் ஆயுதம். கிடங்குல ஒப்படைக்கணும்."

அழைத்துப்போக வந்திருந்த டெர்வாசே நடுவே புகுந்து நாலு வார்த்தை கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ உலக்கையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டான். "விட்டுத் தொலை, டூஷிமா. விதின்னா விதி. வந்த அன்னைக்கே வம்பு வேணாம்" என்றான். அவன் சுபாவம் அப்படி. மேலிருந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதன்.

ஆயுதக் கிடங்கில் அதுவரை நாற்பத்தொரு துப்பாக்கிகள் இருந்தன. கிடங்கு எழுத்தர் உலக்கையின் அடியில் வெள்ளைப் பெயின்டால் 'நீ.ஆ. 42' என்று எழுதி, காயும்வரை காத்திருந்து, துப்பாக்கி வரிசையில் கடைசியாக நிறுத்திவைத்தார். தினமும் மாலை நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆறு மணிக்குள் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றார். பதிவேட்டில் 'பயன்படுத்தும் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. டூஷிமா அதில் தினமும் 'சாப்பாடு' என்று எழுதினாள். கிழங்கில் துப்பாக்கி எண்ணெய் வாடை வருகிறது என்று ஆவெர் சாப்பிட மறுத்தாள்.

அடுத்தது வீடு. குடியிருப்புப் பிரிவை நடத்தியவர் ஸ்டாஃப் சார்ஜென்ட் எஃபியாங். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவரோ நாற்காலி போட்டு, குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்து, அதன்பிறகுதான் பதிவேட்டை விரித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல். பொருள், எண்ணிக்கை, நிலை என்று மூன்று கட்டம். முதல் வரியில் 'குடியிருப்பவர்: கார்ப்பரல் டெர்வாசே, ஒன்று, நன்று' என்று எழுதியிருந்தது. அதன்கீழே கதவு, இரண்டு, நன்று. ஜன்னல், மூன்று, நன்று. குழாய், ஒன்று, நன்று. இப்படியே இருபத்து மூன்று வரி.

"கையெழுத்துப் போடுங்க ஆவெரம்மா, சாவி தரேன்."

"முதல்ல வீட்டைப் பார்க்கணும்."

"கையெழுத்துப் போட்டாத்தான் அது உங்க வீடு. உங்களது இல்லாத வீட்டுக்குள்ள உங்களை எப்படி விடறது?"

டெர்வாசே கையெழுத்துப் போட்டான். சாவியை வாங்கிக்கொண்டு சி பிளாக் ஒன்பதாம் எண்ணுக்குப் போனார்கள். சாவியைச் செருகக் கதவு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய திரை தொங்கியது. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. குழாயைத் திருகினால் கையோடு வந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பருகே ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "நான் லராபா. இந்த வீட்லதான் இருக்கேன்" என்றாள்.

டூஷிமாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. லராபாவையும் இழுத்துக்கொண்டு நேரே எஃபியாங்கிடம் வந்தாள். எஃபியாங் பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். அது லராபாவின் பக்கம். முதல் வரி 'குடியிருப்பவர்: லான்ஸ் கார்ப்பரல் பிட்ருஸ், ஒன்று, நன்று'.

"இவங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போர்முனைக்குப் போனார். இப்ப சம்பளப் பிரிவைப் பொறுத்தவரைக்கும் அவர் செத்துட்டார். ஓய்வூதியப் பிரிவைப் பொறுத்தவரைக்கும் இன்னும் சாகல. நம்ம பிரிவுக்கு அவர் இடமாற்றத்துல போயிருக்கார்."

"எந்த இடத்துக்கு?"

"அது நம்ம பிரிவு இல்லம்மா."

"அப்ப இவங்களை ஏன் காலி பண்ண வைக்கல?"

"வீட்டை ஒப்படைக்க அவர் கையெழுத்து வேணும். அவர் வந்து போட்டுட்டா அடுத்த நிமிஷமே வெளியேத்திடுவேன்."

இந்தப் பேச்சை லராபா பலமுறை கேட்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டூஷிமா பேனாவை எடுத்துக் 'கதவு' வரியை அடிக்கப் போனாள். எஃபியாங் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, பட்டியல்ல அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு வரியை அடிச்சாலும் மூணு அதிகாரிங்க கமிட்டி கூடி முடிவு பண்ற வரைக்கும் பட்டியலே செல்லாது. பட்டியல் செல்லாட்டி வீடு கைமாறாது. கமிட்டி கடைசியா கூடி ஒன்பது வருஷம் ஆச்சு. அடிக்கத்தான் கூடாது, சேக்கலாம்."

சொன்னதும் அவருக்கே ஒரு யோசனை வந்தது. வீட்டில் இருக்கிற எதுவும் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருக்கிற எதையும் வீட்டிலிருந்து நகர்த்தக் கூடாது. இரண்டு விதியும் ஒரே நேரத்தில் நிறைவேறும்படி டெர்வாசேயின் பட்டியலின் கடைசியில் அவர் நிதானமாக எழுதினார். இருபத்து நான்கு: பெண், ஒன்று, நன்று. இருபத்தைந்து: குழந்தை, இரண்டு, நன்று.

"இப்ப யாரும் இவங்களை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார், ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு. "மனுஷங்கன்னா துரத்திடலாம். பொருளைத் தொடறதுக்குக் கமிட்டி வேணும்."

திரும்பி வரும் வழியில் லராபாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மழை வந்தா அடுப்புக்கு வலது பக்கம் படுங்க. இடது பக்கம் முழுக்க ஒழுகும். கூரையும் 'நன்று'தான்."

டூஷிமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கோபம் இன்னும் கூடியது. அன்று மாலை உலக்கையை வாங்கி வந்து ஆறு பேருக்குக் கிழங்கு இடித்தாள், லராபாவின் பிள்ளைகள் உட்பட.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. அதன்பிறகு ஜெனரல் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பயிற்சி நின்றது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் நாற்பத்தொரு பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷ்ஷைப் பிடித்தார்கள். பாதையோரக் கல், மரத்தின் அடி, கொடிக்கம்பம் எல்லாம் வெள்ளையாயின. ஹார்மட்டான் என்கிற பாலைக் காற்றில் காய்ந்து கிடந்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் தெளித்தார்கள். அதைத் தின்ற ஆடு இரண்டு நாள் பச்சையாகக் கழிந்தது. சி பிளாக்கில் கதவில்லாத வீடு பதினெட்டு. ஒவ்வொரு திரையிலும் ஒரு பையன் பழுப்பு நிறத்தில் கதவு வரைந்து, கைப்பிடியும் போட்டு, பூட்டும் போட்டான். ஒன்பதாம் எண்ணின் பூட்டு ரொம்பத் தத்ரூபமாக இருந்தது.

ஜெனரல் வந்த அன்று குடும்பங்களை வாசல்களில் வரிசையாக நிறுத்தினார்கள். லராபாவின் சட்டையில் '24' என்று சீட்டு குத்தியிருந்தது. தளபதி கர்னல் அடெயாஞ்சு ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"ஒரு படையை எதை வச்சு மதிப்பிடறாங்க? பட்டியலை வச்சு. எதிரி நம்மகிட்டருந்து ஊரைப் பிடிக்கலாம், ரோட்டைப் பிடிக்கலாம். பட்டியலைப் பிடிக்க முடியுமா? பதினேழு வருஷமா இந்தத் தளத்துல ஒரு ஸ்பூன்கூடத் தொலைஞ்சதில்ல. ஆளுங்க வராங்க, போறாங்க. ஆளுங்கன்னா அப்படித்தான். பொருள் நிக்குது பாருங்க, அதுதான் படை."

ஜெனரல் கைதட்டினார். அதன்பின் சி பிளாக் பக்கம் நடந்து வந்து ஒன்பதாம் எண்ணின் கதவைப் பாராட்டினார். டூஷிமா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அடுத்து அவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"ஆயுதம் எத்தனை, கர்னல்?"

"நாற்பத்திரண்டு, ஸார்."

"போன தடவை நாற்பத்தொன்னு இல்ல?"

"தளம் முன்னேறிக்கிட்டு இருக்கு, ஸார்."

"பயிற்சி முடிச்ச ஆளு?"

"நாற்பத்தொரு பேர், ஸார்."

"அப்ப ஒரு ஆயுதம் சும்மா கிடக்குது. நாட்டுல சண்டை நடக்குது, கர்னல். ஒரு ஆயுதத்தைச் சும்மா போட்டு வைக்கலாமா?"

"வைக்கமாட்டோம், ஸார்."

அந்த ஆயுதம் எது என்று அந்தத் தளத்தில் டூஷிமாவைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் போர்முனைக்குப் போகிறவர்கள் பெயர் வந்தது. நாற்பத்தொரு பையன்கள். நாற்பத்திரண்டாவதாக, பயிற்றுநர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர் என்ற முறையில், கார்ப்பரல் டெர்வாசே.

"துப்பாக்கியைப் பசங்களுக்கு முதல்ல கொடுத்துட்டேன்" என்றான் அவன், பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே. "சின்னப் பசங்க. அவங்க கையில நாற்பத்திரண்டைக் கொடுத்து அனுப்ப முடியுமா, சொல்லு."

"உன் கையில கொடுத்து அனுப்பலாமா?"

அவன் இன்னொரு சட்டையை மடித்து வைத்தான்.

"போய்ச் சொல்லு. அது உலக்கைன்னு போய்ச் சொல்லு, ஆவெர் அப்பா. ஒரு தடவையாவது வாயைத் திற."

"அங்க போனதும் துப்பாக்கி தருவாங்களாம். எழுதியே கொடுத்திருக்காங்க."

அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கர்னலின் அறைக்குப் போனாள். தடுத்த சிப்பாயைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். கர்னல் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"அது உலக்கை, ஸார். நான் கிழங்கு இடிக்கிறது. உங்க கிடங்குப் பதிவேட்டைப் பாருங்க, அறுபது நாளா 'சாப்பாடு'ன்னு எழுதியிருக்கேன்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. ஆனா நாற்பத்திரண்டுன்னு நான் ஜெனரல்கிட்டச் சொல்லிட்டேன். அவர் தலைமையகத்துல சொல்லிட்டார். அவங்க அமைச்சர்கிட்டச் சொல்லிட்டாங்க. இப்ப அது உலக்கைன்னா, நான் ஒருத்தன் மட்டும் பொய் சொன்னவன் ஆகமாட்டேன், எனக்கு மேல ஏழு பேர் ஆவாங்க. ஏழு பெரிய மனுஷங்களோட வார்த்தையைவிட உங்க உலக்கை பெருசா?"

"என் புருஷன் பெருசு, ஸார்."

கர்னல் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளைப் பத்தி யாரும் இப்பப் பேசல. நீங்கதான் பேச்சை மாத்தறீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை லாரிகள் கிளம்பின. உலக்கைக்குத் தோள்வார் தைத்துக் கொடுத்திருந்தார்கள். டெர்வாசே மற்றவர்களைப் போலவே அதை மார்போடு அணைத்து நிமிர்ந்து நின்றான். அவன் நிற்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அப்பா அங்க கிழங்கு இடிக்கப் போறாரா?" என்று ஆவெர் கேட்டாள்.

"ஆமா" என்றாள் டூஷிமா. அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை.

முதல் வாரம் ஒருமுறை ஃபோன் வந்தது. சாப்பாடு பரவாயில்லை, துப்பாக்கி இன்னும் வரவில்லை, வந்துவிடும் என்றான். அதன்பிறகு எதுவும் இல்லை. மூன்றாம் வாரம், நான்காம் வாரம். டூஷிமா தினமும் எண்ணை அழுத்தினாள். யாரோ ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அலுவலகத்துக்குப் போனால் அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். எந்தப் பிரிவு என்று கேட்டால் அதைச் சொல்வதும் எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். உலக்கை இல்லாததால் கிழங்கை வேகவைத்து அப்படியே தின்றார்கள்.

ஏழாவது வாரம் ஆயுதக் கிடங்கு எழுத்தர் இரண்டு சிப்பாய்களோடு வந்தார். வரைந்த கதவைத் தட்ட முடியாததால் தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டைச் சோதிக்கணும்மா."

"எதுக்கு?"

"நீள் ஆயுதம் நாற்பத்திரண்டு திரும்பி வரல. நேத்து லாரி வந்துச்சு. மத்ததெல்லாம் வந்துடுச்சு, சரியா நாற்பத்தொன்னு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினது ஒண்ணுதான் காணல."

டூஷிமா அவர் முன்னால் வந்து நின்றாள். குரல் தணிந்தே இருந்தது.

"துப்பாக்கி நாற்பத்தொன்னு வந்துச்சு. ஆளு எத்தனை வந்தாங்க?"

எழுத்தர் சிப்பாய்களைப் பார்த்தார். சிப்பாய்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அது எங்க பிரிவு இல்லம்மா" என்றார் எழுத்தர்.

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். உரலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். உரல் காலியாக இருந்தது. 'கிடைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டு போனார்கள். ஒரு தேசத்தின் படை அவள் புருஷனைப் பற்றி அவளிடம் கொண்டுவந்த செய்தி அவ்வளவுதான். அதுவும் அவனைப் பற்றியதல்ல.

பத்து நாள் கழித்து எஃபியாங் வந்தார். கக்கத்தில் பதிவேடு, முகத்தில் சங்கடம். கார்ப்பரல் டெர்வாசே இடமாற்றத்தில் போய்விட்டதாகக் குடியிருப்புப் பிரிவுக்குத் தாள் வந்திருந்தது. புதுப் பயிற்றுநர் ஒருவருக்கு ஒன்பதாம் எண்ணை ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் லாரி தளத்தின் வாசலில் நின்றது. அவர்களுடைய உலக்கையை அளந்துகொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க ஆவெரம்மா. உங்களை வெளிய போட மாட்டேன். லராபாவுக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடறேன்." சமையல் மேடையில் பதிவேட்டை விரித்து, டெர்வாசேயின் பக்கத்திலேயே அவர் எழுதினார். இருபத்தாறு: பெண், ஒன்று. இருபத்தேழு: குழந்தை, இரண்டு. "நிலை..." என்று முணுமுணுத்து, பழக்கத்தில் கை தானாக ஓட, 'நன்று' என்று முடித்தார்.

டூஷிமா அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"இதைப் பாத்தா 'நன்று' மாதிரியா இருக்கு?" தன் நெஞ்சைக் காட்டினாள். இருபத்தாறாம் வரியின் 'நன்று'வை அடித்து 'உடைந்தது' என்று எழுதினாள். "உங்க பட்டியல்ல ஒரு வரியாவது உண்மையா இருக்கட்டும்."

"அடிக்காதீங்க, அடிக்காதீங்க. செல்லாமப் போயிடும். கமிட்டி கூடற வரைக்கும் வீடு கைமாறாது."

"தெரியும். நீங்கதான சொன்னீங்க."

அவள் மேலே மேலே போனாள். கூரை, 'ஒழுகும்'. குழாய், 'கையோடு வந்தது'. ஜன்னல், 'பலகை'. கதவு, 'படம்'. எஃபியாங் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினேழு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் விழாத கோடுகள் ஒரே காலையில் விழுந்தன.

முதல் வரிக்கு வந்தாள். குடியிருப்பவர்: கார்ப்பரல் டெர்வாசே, ஒன்று, நன்று. 'நன்று'வை அடித்தாள். அதன்பிறகு பேனா நகரவில்லை. என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்கு நான் என்ன எழுதணும்?"

எஃபியாங் தலையைத் தூக்கவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன், சார்ஜென்ட். இருக்காரா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரியலன்னா உங்க கர்னலைக் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் தெரியலன்னா அந்த ஏழு பெரிய மனுஷங்களையும் கூட்டிட்டு வரட்டும். எழுதாம இந்தப் பேனாவைத் தரமாட்டேன்."

எஃபியாங் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திரையில் வரைந்திருந்த கதவை விலக்கிக்கொண்டு கர்னலின் அறைப் பக்கம் நடந்தார். பதிவேட்டை எடுத்துப் போக அவருக்கு நினைவு வரவில்லை.

அதுவரை அடுப்பருகே அசையாமல் இருந்த லராபா எழுந்து வந்தாள். ஈரக்கையைத் துணியில் நன்றாகத் துடைத்தாள். பதிவேட்டை எட்டி ஒரு பக்கம் பின்னால் புரட்டி, பிட்ருஸ் என்ற பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"நீ முடிச்சதும் இங்க கொடு" என்றாள். "எனக்கும் ஒரு வரி இருக்கு."